வாந்தி மாத்திரையால நரம்பு சரியாகுமா? டெல்லி வாசகி ஒருத்தரோட கடிதத்துக்கு பதில்

டெல்லி மயூர் விஹார்ல இருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியற விஷயங்கள எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். அவங்க வீட்டுக்காரருக்கு 47 வயசு, 14 வருஷமா எம்எஸ், அதாவது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்ங்கற நரம்பு நோய். ஆரம்பத்துல வந்து வந்து போயிட்டு இருந்துச்சு, ஒரு தடவ கண்ணு மங்கும், ஒரு தடவ கால் மரத்துப் போகும், ஸ்டீராய்டு ஏத்துனா சரியாயிடும். கடைசி நாலு வருஷமா அப்படி அட்டாக் எதுவும் இல்ல, ஆனா நடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுகிட்டே வந்து இப்ப வாக்கர் இல்லாம பாத்ரூமுக்கு கூட போக முடியல. செகண்டரி ப்ரோக்ரெசிவ் ஸ்டேஜுக்கு வந்துட்டாருன்னு நியூராலஜிஸ்ட் சொல்லிட்டார். நேரு பிளேஸ்ல பாத்துட்டு இருந்த அக்கவுண்ட்ஸ் வேலையும் போயிடுச்சு.

போன மாசம் வெயில் கொளுத்தினப்ப அவருக்கு தலைசுத்தலும் கொமட்டலுமா இருந்திருக்கு, பக்கத்து டாக்டர் அஞ்சு நாளைக்கு டோம்பெரிடோன்ங்கற வாந்தி மாத்திரைய எழுதிக் கொடுத்தார். அஞ்சாவது நாள் மனுஷன் ஹால்ல ரெண்டு ரவுண்டு நடந்துட்டாரு. அதே நேரத்துல காலேஜ் படிக்கற பொண்ணு, 'வாந்திக்கு கொடுக்கற மாத்திரை எம்எஸ்ல அழிஞ்சு போன நரம்போட உறைய திரும்ப வளர்க்கும், கனடால ஆராய்ச்சி'ன்னு ஒரு பழைய செய்திய எடுத்து காட்டியிருக்கா. அதுல போட்டிருந்த மாதிரியே தினம் நாலு மாத்திரை, மூணு வாரமா கொடுத்துட்டு வராங்க. நியூராலஜிஸ்ட்டுக்கு தெரியாது. அவர் அடுத்த மாசம் சிபோனிமோட்ங்கற எம்எஸ் மருந்த ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்கார், அதோட விலைய நெனச்சா இவங்களுக்கு தூக்கம் வரல. இது தவிர அவர் மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம், கால் இறுக்கத்துக்கு பேக்லோஃபென், காலைல 'கேஸுக்கு ஒரு கேப்ஸ்யூல்' எடுத்துக்கறார்.

கேள்வி இதுதான்: இத தொடரலாமா, சிபோனிமோடை தள்ளிப் போடலாமா, விலை கம்மிங்கறதாலதான் இத மறைக்கறாங்களா, டாக்டர்கிட்ட இப்ப போய் சொன்னா கோவப்படுவாரா.

அம்மா, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். ஹால்ல ரெண்டு ரவுண்டு நடந்தார்னு எழுதின இடத்துல பேனா அழுத்தி எழுதியிருக்கீங்க, அத நான் கவனிச்சேன். அந்த சந்தோஷம் எனக்கு புரியுது. ஆனா இந்த பதில்ல முதல்ல சொல்ல வேண்டியது ஆராய்ச்சி பத்தி இல்ல, அது அப்புறம்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

டோம்பெரிடோனை இன்னைக்கே நிறுத்திடுங்க. ராத்திரி டோஸ் வேணாம். எஸ்சிட்டலோப்ராமையும் பேக்லோஃபெனையும் மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது, குறிப்பா பேக்லோஃபெனை சட்டுனு விட்டா வலிப்பு, பிரமை எல்லாம் வர வாய்ப்பு இருக்கு. நாளைக்கு காலைல பக்கத்துல இருக்க எந்த ஆஸ்பத்திரியிலயாவது ஒரு ஈசிஜி, கூடவே ரத்தத்துல பொட்டாசியம், மெக்னீசியம் பாத்துடுங்க. இதுக்கு நடுவுல நெஞ்சு படபடன்னு அடிச்சா, கண்ண இருட்டிகிட்டு வந்தா, மயங்கி விழுந்தா வெயிட் பண்ணாதீங்க, 112க்கு கூப்பிடுங்க.

ஏன் இவ்ளோ அவசரப்படுத்தறேன்னா, டோம்பெரிடோன் இதயத்தோட மின் ஓட்டத்த தொடுற மருந்து. ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் இதயம் அடுத்ததுக்கு ரெடியாக கொஞ்ச நேரம் எடுத்துக்கும், ஈசிஜில அத க்யூடி இடைவெளின்னு சொல்லுவோம். அத இந்த மருந்து நீட்டிடும். ரொம்ப நீண்டா துடிப்பு தாறுமாறா போயி ஆபத்தாயிடும். இத ஊசியா போட்டுட்டு இருந்த காலத்துல இதயம் நின்னு போன சம்பவங்கள் நடந்துதான் 1980கள்ல ஊசிய வாபஸ் வாங்கினாங்க. 2014ல ஐரோப்பாவோட மருந்து கண்காணிப்பு அமைப்பு மாத்திரைக்கும் கடுமையான வரம்பு போட்டுச்சு: பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 30, அதுவும் சாதாரணமா ஒரு வாரத்துக்கு மேல வேணாம், க்யூடிய நீட்டற வேற மருந்து எடுக்கறவங்களுக்கு கொடுக்கவே கூடாது. எஸ்சிட்டலோப்ராம் அப்படி க்யூடிய நீட்டற மருந்துதான்.

இப்ப அந்த 'கேஸ் கேப்ஸ்யூல்' ஸ்ட்ரிப்ப எடுத்து பின்பக்கம் படிச்சுப் பாருங்க. வயித்து ஆசிட்ட கொறைக்கற பான்டோப்ரசோல் மட்டும்தானா, இல்ல அதுகூட டோம்பெரிடோனும் இருக்கா? நம்ம ஊர்ல ரொம்ப ஓடுற கேப்ஸ்யூல்கள்ல பான்டோப்ரசோல் 40, டோம்பெரிடோன் 30 மில்லிகிராம்னு சேர்ந்தே இருக்கும். உங்க வீட்டுலயும் அதுதான்னா காலைல அந்த 30, அப்புறம் நாலு மாத்திரையோட 40, மொத்தம் 70 மில்லிகிராம் மூணு வாரமா போயிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்படி இருந்தா அதையும் நிறுத்திடுங்க, வயித்துக்கு மாத்திரை வேணும்னா டோம்பெரிடோன் கலக்காதத டாக்டர் எழுதிக் கொடுப்பார். உங்கள குத்தம் சொல்லல, பாதி பேருக்கு இது தெரியாது, கடைக்காரரும் சொல்றதில்ல, கேட்டா எடுத்துக் கொடுத்துடறாங்க. கடைல சுலபமா கெடைக்குதுங்கறதாலயே அது சாதுவான மருந்துன்னு நாம நெனச்சுக்கறோம், ஒரு நாள் ரெண்டு நாளைக்கு பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறது நெஜம்தான், ஆனா நாலு மாத்திரை, மூணு வாரம், கூட எஸ்சிட்டலோப்ராம், மேல டெல்லி வெயில்ல கொமட்டலோட சரியா சாப்பிடாம பொட்டாசியம் கொறஞ்சிருக்கக்கூடிய உடம்புங்கறப்ப கணக்கே வேற.

அந்த கனடா ஆராய்ச்சி என்ன சொல்லுச்சு

உங்க பொண்ணு படிச்சது பொய் இல்ல, அத அவகிட்ட சொல்லுங்க. ஆனா அவ படிச்சது கதையோட முதல் பாதி.

எம்எஸ்ல நம்ம எதிர்ப்பு சக்தியே நரம்ப சுத்தி இருக்க மைலின் உறைய தாக்குது, கரண்ட் வயரோட பிளாஸ்டிக் உரிஞ்சு போற மாதிரி. இப்ப இருக்க மருந்துங்க பெரும்பாலும் அந்த தாக்குதல கொறைக்கும், உரிஞ்ச உறைய திரும்ப போடாது. அதனால உறைய வளர்க்க ஏதாவது கெடைக்குமான்னு உலகம் பூரா தேடறாங்க. அந்த தேடல்ல ஒரு துப்பு கர்ப்பிணிங்ககிட்ட இருந்து வந்துச்சு. எம்எஸ் இருக்க பெண்களுக்கு கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல அட்டாக் ரொம்ப கொறஞ்சு, பிரசவத்துக்கு அப்புறம் முதல் மூணு மாசத்துல கூடுதுன்னு 1998ல ஐரோப்பால ஒரு பெரிய ஆய்வுல பதிவாச்சு. 2007ல கனடாவோட கால்கரி விஞ்ஞானிங்க, சினையா இருக்க எலிகளோட மூளைல மைலின் உண்டாக்கற செல்லுங்க அதிகமாகறத பாத்தாங்க, அதுக்கு ப்ரோலாக்டின், அதாவது பால் சுரக்க வைக்கற ஹார்மோன், காரணம்னு காமிச்சாங்க. ப்ரோலாக்டின் கொடுத்த எலிங்களுக்கு அழிஞ்ச மைலின் நல்லா திரும்ப வளர்ந்துச்சு.

இங்கதான் வாந்தி மாத்திரை உள்ள வருது. பிட்யூட்டரி சுரப்பில ப்ரோலாக்டின் வெளிய வராம டோபமின்ங்கற மூளை ரசாயனம் எப்பவும் கை வெச்சு அழுத்திகிட்டே இருக்கும், குழாய் வாய விரலால அடைச்ச மாதிரி. டோம்பெரிடோன் அந்த டோபமின தடுக்கும், விரல் விலகும், ப்ரோலாக்டின் ஏறும். வாந்திக்கு கொடுக்கறதும் டோபமின தடுக்கறதுக்குத்தான், ப்ரோலாக்டின் ஏறறது அதோட பக்க விளைவு. அந்த பக்க விளைவையே மருந்தா பயன்படுத்தலாமேன்னு நெனச்சாங்க. எனக்கே அத முதல்ல படிச்சப்ப ரொம்ப ஆர்வமா இருந்துச்சு, புதுசா ஒரு மருந்து கண்டுபிடிக்க ஆகற காலத்தையும் காசையும் நெனச்சா, கையில இருக்க சின்ன மாத்திரை ஒண்ணு பலன் கொடுத்தா எவ்ளோ பேர் பொழச்சுப்பாங்க.

அப்புறம் அதே கால்கரில, உங்க வீட்டுக்காரர் இருக்க அதே செகண்டரி ப்ரோக்ரெசிவ் ஸ்டேஜ்ல இருக்கறவங்களுக்கு தினம் நாலு வேளை 10 மில்லிகிராம், ஒரு வருஷம் கொடுத்து பாத்தாங்க. 25 அடி தூரத்த நடக்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஆரம்பத்துல அளந்து, வருஷக் கடைசில திரும்ப அளந்து, நேரம் 20 சதவீதமோ அதுக்கு மேலயோ கூடியிருந்தா மோசமாயிட்டாங்கன்னு கணக்கு. 62 பேர்ல 22 பேர், அதாவது 35 சதவீதம் பேர் மோசமாயிட்டாங்க. இத்தன பேருக்கு மேல மோசமானா இத மேல கொண்டு போக வேணாம்னு முன்கூட்டியே ஒரு எல்லை வெச்சிருந்தாங்க, அத இது தாண்டிடுச்சு. 2021ல முடிவு வெளிவந்துச்சு: இந்த ஸ்டேஜ்ல டோம்பெரிடோனை பெரிய டிரையலுக்கு எடுத்துட்டு போக அர்த்தம் இல்ல.

இதுல டம்மி மாத்திரை குரூப் கெடையாது, எல்லாருக்கும் மருந்துதான். அதனால மருந்து அவங்கள மோசமாக்குச்சுன்னு இத வெச்சு சொல்ல முடியாது, நம்பிக்கை கொடுக்கற அடையாளம் தெரியலன்னு மட்டும்தான் சொல்லலாம். நீங்க எடுத்திருக்க முடிவுக்கு அது போதும். நீங்க கொடுக்கற அதே அளவு, அதே ஸ்டேஜ், உங்க மூணு வாரத்துக்கு பதிலா ஒரு வருஷம், அவ்ளோ பண்ணியும் நடைய காப்பாத்தல.

எலிக்கு கெடைச்ச பலன் மனுஷனுக்கு ஏன் கெடைக்கலன்னு உறுதியா தெரியாது, ஆனா எலிக்கு ஒரே இடத்துல கெமிக்கல் ஊசி போட்டு மைலின அழிச்சு உடனே ரிப்பேர் பாக்கறாங்க. 14 வருஷ எம்எஸ்ல உறை மட்டும் போகல, உள்ள இருக்க கம்பியே பல இடத்துல அறுந்திருக்கும், வயசு ஏற ஏற ரிப்பேர் பண்ற செல்லுங்களும் சோர்ந்துடும்.

விலை கம்மின்னு மறைச்சுட்டாங்களான்னு கேட்டீங்க. காப்புரிமை முடிஞ்ச பழைய மருந்துல கம்பெனிங்களுக்கு ஆர்வம் இருக்காதுங்கறது உண்மை, அதனாலதான் யூனிவர்சிட்டி டாக்டருங்க இத எடுத்து பண்ணாங்க. பலன் இல்லன்னு தெரிஞ்சதும் அதையும் மறைக்காம பெரிய நரம்பியல் இதழ்லயே போட்டாங்க. 'மாத்திரை சரி பண்ணலாம்'ங்கற செய்தி வாட்ஸ்அப் வரைக்கும் வந்துச்சு, 'சரி பண்ணல'ங்கற செய்தி வரல, எனக்கு வருத்தமா இருக்கறது அதுதான், ஏன்னா அந்த ரெண்டாவது செய்திதான் உங்க வீட்டுக்கு வந்திருக்கணும்.

அப்ப அவர் நடந்தது எப்படி?

நடந்தது நெஜம், அத நான் மறுக்கல. ஆனா மைலின் அஞ்சு நாள்ல வளராது, அதுக்கு வாரக்கணக்கு மாசக்கணக்கு ஆகும். எம்எஸ் இருக்கவங்களுக்கு உடம்பு சூடு ஒரு அரை டிகிரி ஏறினாலே உரிஞ்ச நரம்புல சிக்னல் தடுமாறும், கால் துவளும், பார்வை மங்கும், சூடு தணிஞ்சா திரும்பிடும். உடம்ப அலட்டினா இப்படி பார்வை மங்கறத ஊட்ஹாஃப்ங்கற கண் டாக்டர் 1890லயே எழுதி வெச்சிருக்கார். நீங்களே கடிதத்துல எழுதியிருக்கீங்க, அந்த வாரம்தான் கூலர ரிப்பேர் பண்ணி அவர் ரூமுக்கு மாத்தினோம்னு. கொமட்டல் நின்னதும் ரெண்டு வாய் மோர்சாதம் உள்ள போயிருக்கும், தண்ணி குடிச்சிருப்பார், தூங்கியிருப்பார். ரூம் குளிர்ச்சியும் சாப்பாடும் சேர்ந்து அவர நடக்க வெச்சிருக்கும்னுதான் எனக்குப் படுது. அப்படின்னா அத மாத்திரை இல்லாமலே தொடரலாம்: மதியம் ஈரத்துணி, வெயில் ஏறறதுக்கு முன்னாடி காலைலயே எக்சர்சைஸ், நெறைய தண்ணி.

அந்த கொமட்டல் ஏன் வந்துச்சுன்னு யாராவது பாத்தாங்களா?

இத நீங்க கேக்கல, ஆனா எனக்கு இதுதான் பெரிய கேள்வி. எம்எஸ்ல கொமட்டலுக்கு பல காரணம் இருக்கு. மூளைத்தண்டுல புதுசா ஒரு புண்ணு வந்து தலைசுத்தலாம். பேக்லோஃபெனே கொமட்டும். யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல் கூட இவங்கள இப்படித்தான் படுத்தும். படுக்கைல திரும்பினா மட்டும் ஒரு நிமிஷம் உலகமே சுத்துதுன்னா அது காதுக்குள்ள இருக்க துகள் நகர்ந்ததா இருக்கலாம், தலைய சில கோணத்துல திருப்பி வெக்கற ஒரு பயிற்சிலயே பெரும்பாலும் சரியாயிடும், அதுக்கு மாத்திரையே வேணாம். இதுல எதுன்னு தெரியாம வாந்தி மாத்திரை மட்டும் போட்டுட்டே இருந்தா காரணம் மறைஞ்சு போயிடும்.

ஒண்ண மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க. எப்பவாவது ரெண்டு நாளுக்கு மேல விடாம வாந்தியோ விக்கலோ இருந்தா உடனே நியூராலஜிஸ்ட்டுக்கு தெரியணும். மூளைத்தண்டுல வாந்திய கட்டுப்படுத்தற இடத்துலயே வீக்கம் வந்தா அப்படி ஆகும், அது எம்எஸ்ல கொறச்சல், என்எம்ஓங்கற இன்னொரு நோய்ல அதிகம். அதுக்கு தனி ரத்த டெஸ்ட் இருக்கு, வைத்தியமும் வேற, எம்எஸ்ஸுக்கு கொடுக்கற சில மருந்து அதுல நோய மோசமாக்கிடும்.

வேற வாந்தி மருந்துக்கு மாறலாமான்னு தோணும். ஒண்டான்செட்ரானும் க்யூடிய நீட்டும், மலச்சிக்கலையும் கூட்டும். மெட்டோக்ளோப்ரமைட் மூளைக்குள்ள போயி கை கால் இறுக்கம், நடுக்கம்னு கொண்டு வரலாம், ஏற்கெனவே நடை போனவருக்கு அது வேண்டவே வேண்டாம். தலைசுத்தலுக்கு கொடுக்கற ப்ரோக்ளோர்பெரசின் மாதிரி மாத்திரைங்க நாலஞ்சு நாளைக்கு உதவும், மாசக்கணக்குல போட்டா உடம்பு தானா சமநிலைக்கு பழகறதயே தடுத்துடும். அதனால காரணம் பாத்து, கொஞ்ச நாளைக்கு, டாக்டர் எழுதினது மட்டும்.

சிபோனிமோடை தள்ளிப் போடறது

டோம்பெரிடோனை நம்பி தள்ளிப் போடாதீங்க. அதே சமயம் சிபோனிமோட பத்தியும் உங்களுக்கு நேரா சொல்லணும். 2018ல வெளிவந்த பெரிய டிரையல்ல 1651 பேர் இருந்தாங்க, டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 32 சதவீதம் பேருக்கு ஊனம் கூடுச்சு, சிபோனிமோட் எடுத்தவங்கள்ல 26 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனா சின்னது. இழந்த நடைய திருப்பிக் கொடுக்கற மருந்து இல்ல, இறக்கத்த கொஞ்சம் மெதுவாக்கற மருந்து. கடைசி ரெண்டு வருஷத்துல ஸ்கேன்ல புதுப் புண்ணு தெரிஞ்சவங்களுக்கும் அட்டாக் வந்தவங்களுக்கும்தான் பலன் அதிகமா எதிர்பாக்கறோம். உங்க வீட்டுக்காரருக்கு நாலு வருஷமா அட்டாக் இல்ல, அதனால 'கடைசி எம்ஆர்ஐல புதுசா ஏதாவது இருக்கா, இவருக்கு இந்த மருந்தால எவ்ளோ கெடைக்கும்னு நெனக்கறீங்க'ன்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, விலைய பத்தியும் கூச்சப்படாம பேசுங்க. கேக்கறது உங்க உரிமை. பதில கேட்டுட்டு வேணாம்னு முடிவு பண்ணாலும் அது ஒரு முடிவுதான், ஆனா அது டாக்டரோட சேர்ந்து எடுத்ததா இருக்கட்டும்.

ஆரம்பிக்கறதா இருந்தா ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். சிபோனிமோட் ஆரம்ப நாட்கள்ல இதயத் துடிப்ப மெதுவாக்கும், அதனாலதான் முதல்ல ஈசிஜி எடுத்துட்டு, அளவ படிப்படியா ஏத்துவாங்க. டோம்பெரிடோன் உள்ள இருக்கறது தெரியாம அவர் அத ஆரம்பிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே எனக்கு பயமா இருக்கு.

டெல்லில மைலின் ரிப்பேர் டிரையல் ஏதாவது இருந்தா சேர்க்கலாமான்னும் ஒரு வரி எழுதியிருந்தீங்க. தாராளமா தேடலாம். இந்தியாவுல நடக்கற மருந்து டிரையல் எல்லாம் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், நடத்தற பதிவேட்டுல இருக்கணும், அங்க இல்லாதத நம்பாதீங்க. டிரையல் மருந்துக்கு உங்ககிட்ட காசு வாங்கறாங்கன்னாலே சந்தேகப்படணும். 2019 மருந்து டிரையல் விதிகள்படி டிரையலால பாதிப்பு வந்தா வைத்தியமும் இழப்பீடும் அவங்க பொறுப்பு, சம்மதப் பத்திரம் உங்களுக்கு புரியற மொழில இருக்கணும், எப்ப வேணும்னாலும் வெளிய வரலாம். வீட்டுல நாமளே பண்ற சோதனைல இந்த பாதுகாப்பு எதுவும் இல்லம்மா.

வேலை போனத பத்தி ரெண்டே வரிதான் எழுதியிருக்கீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்க 21 வகைல எம்எஸ்ஸும் ஒண்ணு. மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட்டும் யுடிஐடிங்கற அடையாள கார்டும் இன்னும் எடுக்கலன்னா இந்த மாசமே விண்ணப்பிச்சிடுங்க. இந்திய மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் சங்கத்துக்கு டெல்லிலயும் கிளை இருக்கு, மருந்துச் செலவு பத்தி அங்க கேட்டுப் பாருங்க.

டாக்டர் கோவப்படுவாரா

ஒரு நிமிஷம் முகம் மாறலாம். நானும் என் பேஷண்ட்ஸ்கிட்ட அப்படி முகம் மாறியிருக்கேன், அது பயத்துல வர்றது. அந்த ஒரு நிமிஷத்த தாண்டிட்டா போதும். உள்ள போனதும் வேற எதுவும் பேசறதுக்கு முன்னாடி இத சொல்லிடுங்க: 'சார், மூணு வாரமா தினம் நாலு டோம்பெரிடோன் கொடுத்தேன், நேத்தோட நிறுத்திட்டேன், இது ஈசிஜி, இது ரத்த ரிப்போர்ட்.' மார்புல வலியோ வீக்கமோ இருந்தா அதையும் சொல்ல சொல்லுங்க, ப்ரோலாக்டின் ஏறினா ஆம்பளைங்களுக்கும் அது வரும், தாம்பத்யத்துல ஆர்வமும் கொறையும், அவரா வாய தொறந்து சொல்ல மாட்டார். போறப்ப மாத்திரை ஸ்ட்ரிப் எல்லாத்தையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு போங்க, அந்த கேஸ் கேப்ஸ்யூலோடதும் சேர்த்து.